மடியில் போட்ட தாளம்

விம்பிள்டனில் ஒரு சின்ன மண்டபத்தில்தான் அந்த ஹங்கேரிய பியானோக்காரரைக் கண்டேன். பெரிய வயிறு, நரைத்த மீசை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசிக்க உட்கார்ந்தார். அப்போதே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் தொடங்கி ஜாஸுக்குத் தாவினார். பிறகு தன் ஜிப்சி சனத்தின் மெட்டொன்றை எடுத்தார். ஏழு அடித் தாளம். தகிட தகதிமி என்று என் கை தானாகவே மடியில் தட்டியது. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் முறைத்தார். நிறுத்திவிட்டேன்.

இடைவேளையில் பியானோக்காரர் நேரே என்னிடம் வந்தார்.

“ஏன் கையை நிப்பாட்டினீங்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இஞ்ச சத்தமில்லாமல் கேக்கவேணும்.”

“அது எங்கட சனம் ஆடுறதுக்கு வாசிச்சது. நீங்கள் நிப்பாட்டினால் எனக்கு வாசிக்க ஏலாது.”

மேடைக்குப் போய் அதே மெட்டைத் திரும்பவும் எடுத்தார். இந்த முறை மூன்று இசையும் ஒன்றாகப் புரண்டு வந்தன. என் கை திரும்பவும் மடியில் தட்டியது. சபையே கைதட்டத் தொடங்கியது. முறைத்தவரும் தட்டினார், தாளம் தப்பி. பியானோக்காரர் வாசித்தபடியே நாடியை உயர்த்தி அவருக்கு என் கையைக் காட்டினார். அந்த மனுசன் என் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். கடைசி அடியில் பியானோவும் நாங்கள் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

சபை எழும்பி நின்றது. அவர் சப்பாத்தில்லாத காலோடு முன்னுக்கு வந்து, முதலில் என் கைக்குத்தான் தலை குனிந்தார்.