சுவிச்சு வித்துவான்

காலிதீன் மேடையேறுவதைப் பார்ப்பதற்கென்றே பாதிச் சனம் வந்தது. வாசிப்பைக் கேட்க வந்தது மீதிப் பாதி. அந்த மீதியிலும் சண்டை பிடிக்க வந்தவர்களைக் கழித்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இலங்கைக் கிழக்குக் கரையின் மருதமுனையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவில் வருடக்கணக்காக ஓர்கன் வாசித்தவர் அவர். திறந்த பொருளாதாரம் வந்து ஹோட்டல்காரர்கள் புதுச் சாமான்களாக வாங்கிக் குவித்தபோது, பழசாகிவிட்டதென்று கழித்த ஓர்கனை லொறியில் ஏற்றிக்கொண்டு எழுபத்தெட்டின் தொடக்கத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தார். அலுமாரி அளவு பெட்டி. மேலே இரண்டு தட்டுக் கட்டைகள், கீழே காலால் மிதிப்பதற்கு இன்னொரு வரிசை. சாய்ந்தமருதில் மனைவி ஹாஜறாவின் வீட்டு வாசலில் அது இறங்கியபோது கல்முனையிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

அதைக் கொண்டு அவர் கலியாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசித்திருந்தால் ஊர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் பழகிப் போயிருக்கும். காலிதீனுக்கு அது போதவில்லை. கல்யாணியும் மோகனமும் வாசிக்க வேண்டும், அதுவும் தனிக் கச்சேரியாக, மூன்று மணித்தியாலம். வானொலியைக் கேட்டுக் கேட்டே ராகங்களைப் பிடித்து வைத்திருந்தார். உடுப்போ அதைவிடப் பெரிய கதை. கலியாணச் சேலைக்கென்று அவருடைய தங்கை வெள்ளிச் சரிகை வைத்து நெய்த துணியை வாங்கி, முழங்கால் வரைக்கும் ஒரு கோட்டுத் தைப்பித்துக்கொண்டார். விரலுக்கு விரல் மோதிரம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, நாலு வரிசைக்கு அப்பாலும் மணக்கும் அத்தர். ஓர்கனின் முன்பலகையையும் கழற்றிவிட்டார், தன்னுடைய கால்கள் கட்டைகளில் ஓடுவதைச் சனம் பார்க்க வேண்டுமென்று. மேடை விளக்குகள் எல்லாம் அணையும். திரும்பப் பற்றும்போது ஆள் உட்கார்ந்திருப்பார், கோட்டு மினுங்க.

பக்கத்துக் காரைதீவுக் கோயில் மேடையில் நடந்த முதல் கச்சேரியிலேயே வில்லங்கம். அந்த ஊர்ச் சங்கீத ஆசிரியர் கனகரெத்தினம், நல்ல வயலின்காரர், முன்வரிசையில் எழும்பி நின்றார்.

"கட்டையில கமகம் வராது. கமகம் இல்லாட்டி அது ராகம் இல்ல. எங்கட ஆக்களப் பேக்காட்டி ஏமாத்தாதீங்க."

சொன்னது நியாயம்தான். கட்டையை அமுக்கினால் அந்தச் சுரம் அங்கேயே நிற்கும், வயலினைப்போல வழுக்கி இறங்காது. காலிதீன் சிரித்துக்கொண்டே இடது கையைப் பக்கத்தில் இருந்த சுவிச்சுக்குக் கொண்டு போனார். அது உள்ளே மோட்டர் சுழன்று ஒலி பிறக்கும் பழைய வகை. சுவிச்சைக் கண் இமைக்கும் நேரம் அணைத்துப் போட்டால் மோட்டர் தளரும், சுரமும் அதோடு சேர்ந்து சறுக்கி இறங்கி மறுபடி ஏறும். ஹோட்டலில் மின்சாரம் போய்வந்த ஒரு நாளில் தற்செயலாகப் பிடித்த வித்தை. வலது கை வாசிக்க, இடது கை சுவிச்சைத் தட்ட, கால்கள் கீழே ஓட, கல்யாணி வளைந்து நெளிந்து வந்தது. சனம் விசிலடித்தது.

கனகரெத்தினம் அசையவில்லை. "இது வித்துவான்ர வேல இல்ல, வயர் வேல செய்றவன்ர வேல. சுவிச்சு வித்துவான்."

காலிதீனுக்கு அந்தப் பெயர் தேனாக இனித்தது. அடுத்த கச்சேரிக்கு ஒட்டிய நோட்டீசில் தன்னுடைய பெயருக்கு மேலே அதைத்தான் பெரிதாக அச்சடித்தார். சண்டை போட வந்த கனகரெத்தினத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் சாய்ந்தமருதுக்கு வந்து, "அந்தச் சுவிச்ச ஒருக்காக் காட்டுங்க" என்றார். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம். பிறகு எல்லாக் கச்சேரியிலும் பக்கத்தில் இருந்து வயலின் வாசித்ததும், இடைவேளையில் பிழை பிடித்ததும் அவர்தான்.

சங்கீதக்காரர்களின் சண்டை அப்படி முடிந்தது. பள்ளிவாசலின் சண்டை அவ்வளவு லேசில் முடிகிற சாதி இல்லை. அந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பமும் தாய்வழியாக ஒரு குடியைச் சேர்ந்தது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார், குடிக்காரரின் நல்லது கெட்டதைப் பார்ப்பதற்கு. ஹாஜறாவின் குடிக்கு மரைக்கார் ஸைனுலாப்தீன். இசையே கூடாது, அதற்குள் வெள்ளிக் கோட்டும் கோயில் மேடையுமா என்று ஆட்கள் அவருடைய வீட்டுக்குப் படையெடுத்தார்கள். அவர் ஹாஜறாவிடம் வந்தார். காலிதீனிடம் வந்து பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். அங்கே வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பான். எவ்வளவு உழைத்துக் கொட்டினாலும் வீட்டுச் சொல் அவனுடையது இல்லை. ஹாஜறா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஓர்கனை நகர்த்தாமலே விட்டாள். காலிதீனுக்கு அந்த ஏற்பாடு மெத்தச் சுகமாக இருந்தது. வெளியே எத்தனை வாய் கத்தினாலும் உள்ளே ஒரே ஒரு வாயின் சம்மதம் போதும்.

எண்பத்துநாலில் மகள் நதீராவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஷரிபுதீன், அறபுக் கல்லூரியில் ஓதி முடித்தவன். நிலம் பார்த்து நடக்கிற பிள்ளை, ஒரு சொல் உயர்த்திப் பேசமாட்டான். வழக்கப்படி வீட்டை நதீராவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்பக்கத்து அடுக்களை அறைக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வந்து முன்வீட்டில் குடியிருப்பான். எல்லாம் பேசி முடித்தபின் ஸைனுலாப்தீன் தொண்டையைச் செருமினார்.

"மாப்புள்ள ஓதின புள்ள. அவர் இரிக்கிற வீட்ட அந்தச் சாமான் சரிவராது, காலிதீன்."

ஹாஜறா புருஷனைப் பார்த்தாள். காலிதீன் தலையாட்டினார். பிள்ளையின் வாழ்க்கைக்குக் குறுக்கே ஒரு பெட்டி நிற்பதா? அவ்வளவுதான் அவர் யோசித்தது. மறுநாளே உழவு இயந்திரத்தில் ஏற்றி ஓர்கனைக் காரைதீவில் கனகரெத்தினத்தின் வீட்டுக்கு அனுப்பினார். பக்கத்து ஊர்தானே, சைக்கிளில் போய் வரலாம்.

போய்த்தான் வந்தார். ஆனால் வீட்டுக்குள் அவர் வேறு ஆளாகிவிட்டார். தான் சீமெந்து போட்ட முன்னறைக்குள் நுழைய முன் செருமிக்கொண்டு நின்றார். மருமகன் மரியாதையாக எழும்பி, "வாங்க மாமா" என்பான். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. தன்னுடைய வீட்டுக்குத் தானே விருந்தாளியாக வருவதுபோல ஒரு கூச்சம். கோட்டும் மோதிரமும் கண்ணாடியும் கனகரெத்தினத்தின் வீட்டு அலுமாரியில் இருந்தன. சாய்ந்தமருதில் இடுப்பில் வெறும் சாரத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தார். காரைதீவுக்குப் போனால்தான் மூச்சு வந்தது. கனகரெத்தினத்தின் மனைவி ஒருநாள் கேட்டே விட்டாள், நீங்கள் இங்கே வரும்போது மட்டும் ஏன் இவ்வளவு உயரமாகத் தெரிகிறீர்களென்று.

அந்த மூச்சும் எண்பத்தைந்து சித்திரையில் அடைபட்டது. தமிழ் ஊரான காரைதீவுக்கும் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதுக்கும் இடையில் நெருப்பு மூண்டது. யார் மூட்டினார்கள் என்று கேட்டால் இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் ஒரு கதை. எரிந்தவை வீடுகள், செத்தவர்கள் மனிதர்கள். நேற்று வரைக்கும் சைக்கிளில் போன தெருவில் காலெடுத்து வைக்கவே முடியவில்லை. காலிதீன் பின்னறையில் கிடந்தார். கனகரெத்தினம் உயிரோடு இருக்கிறாரா என்ற கவலை ஒரு பக்கம். அதோடு சேர்ந்து ஓர்கன் என்ன ஆனதோ என்ற கவலையும் வந்ததை நினைத்து, நானும் ஒரு மனுஷனா என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டார். ஹாஜறாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. கைகள் இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்துக்குள் கொடுத்துக்கொண்டு திரிந்தார். ஒழுங்கையில் போகிறவர்கள் அவருக்குக் குளிர்காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

மாரி தொடங்குவதற்கு முந்தித் தெரு கொஞ்சம் திறந்தது. முதலில் வந்தது மீன் ஏற்றும் லொறிக்காரன் கொண்டு வந்த செய்தி. கனகரெத்தினம் குடும்பம் உயிரோடு இருக்கிறது. வீட்டில் அடுக்களை மட்டும் எரிந்துபோயிற்று, ஓர்கன் அப்படியே இருக்கிறது. இனி அங்கே இருக்க மனமில்லாமல் மட்டக்களப்புக்கே போகிறார்கள், நாளைக்குச் சாமான் ஏற்ற லொறி வருகிறது. காலிதீன் ஓர்கனை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அதையும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லவேண்டும்.

விடிந்ததும் காலிதீன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறை வாசலில் போய் நின்றார். ஹாஜறாவும் வயிற்றில் பிள்ளையோடிருந்த நதீராவும் காலையிலேயே கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். ஷரிபுதீன் அறபுக் கிதாபு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் நடுங்காதவர் இந்தப் பையன் முன்னால் செருமிவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"மருமகன், கனகரெத்தினம் மாஸ்டர் ஊர விட்டுப் போறாராம். ஓர்கன வைக்க இடமில்ல. இஞ்ச கொண்டந்து வச்சா..."

ஷரிபுதீன் எழும்பினான். அவனுக்கும் சங்கடம்தான். தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"கொண்டாங்க மாமா. அந்த மூலையில வச்சு ஒரு துணியால மூடிரலாம். வாசிக்க மட்டும் வேணாம். ஆக்கள் கதைப்பாங்க."

வேண்டாம் என்றிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். கொண்டு வா, மூடி வை, வாசிக்காதே. தினமும் அதைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். காலிதீன் "சரி மருமகன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். உள்ளுக்குள் எரிந்த எரிச்சலில் பெடலை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

காரைதீவில் லொறியில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கனகரெத்தினம் ஓர்கனைக் காட்டினார்.

"என்ன செய்ய, காலிதீன்?"

அந்த நேரத்திலும் அந்த மனுஷனுக்கு மேடை தேவைப்பட்டது. லொறிக்காரன், தூக்க வந்தவர்கள், அயலவர்கள் எல்லாரும் பார்த்திருக்க நெஞ்சை நிமிர்த்தினார்.

"மட்டக்களப்புல ஒரு கிறிஸ்தவச் சேச்சுக்குக் குடுங்க, மாஸ்டர். அங்க ஓர்கன் எண்டா ஆக்கள் எழும்பி நிப்பாங்க. குடுத்தது குடுத்ததுதான். நானே வந்து கேட்டாலும் திருப்பித் தரப்படாது எண்டு சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. மகள்ட வீடு இரிக்கே."

"இல்ல மாஸ்டர். குடுத்திட்டன்."

மாஸ்டர் அலுமாரியிலிருந்து எடுத்து நீட்டிய வெள்ளிச் சரிகைக் கோட்டையும் லொறிக்குள் எறிந்தார். தூக்கியவர்களில் ஒருவன் கைதட்டினான். கடைசிக் கைதட்டு அது.

பின்னேரம் காலிதீன் வீட்டுப் படலையைத் திறந்தபோது முன்னறையில் ஆள் அரவம் கேட்டது. ஷரிபுதீன் சட்டையில்லாமல் வியர்த்துக் கொட்ட, தன்னுடைய கிதாபு அலுமாரியைப் பின்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு பக்கச் சுவர் முழுக்க வெறுமையாக இருந்தது. நதீரா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"லொறி பின்னால வருதா வாப்பா?"

"எந்த லொறி?"

"ஓர்கன் வாற லொறி. கிளினிக்கால வந்தாப் பொறகுதான் இவர் சொன்னார். மூடி வைக்கவா எங்கட வாப்பா கொண்டாறாரு எண்டு கேட்டன். பகல்ல நல்லா வாசிக்கட்டும். ஆக்கள் கதைச்சா என்னட்ட வந்து கதைக்கட்டும்."

காலிதீன் சைக்கிளைச் சாத்த மறந்துவிட்டார். அது சரிந்து விழுந்தது.

"குடுத்திட்டன் மகள். சேச்சுக்கு."

"குடுத்தீங்களா? ஏன்?"

"மருமகன்ட்டக் கேட்டன். வாசிக்க வேணாம் எண்டார்."

நதீரா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அலுமாரியைப் பிடித்தபடியே தலை குனிந்தான். அவள் அவனை ஏசவில்லை.

"அவர்ட்ட ஏன் கேட்டீங்க வாப்பா? அவரும் உங்களப் போலக் கலியாணம் முடிச்சு வந்தவர்தானே. வீடு என்ட வீடல்லவா. கலியாணத்துக்கு முந்தியும் ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. மாஸ்டர்ட வீட்ட வச்சாத்தான் உங்களுக்கு வசதியெண்டு நான் நினைச்சன்."

ஊரில் வேறு எந்த ஆண் இந்தப் பிழையைச் செய்திருந்தாலும் முதல் ஆளாய்ச் சிரித்திருப்பவர் காலிதீன்தான். ஒரு பெண்ணின் சம்மதத்துக்குள் பத்திரமாக இருந்து வாசித்தவர் அவர். அந்தச் சம்மதம் கைமாறித் தான் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் வந்திருப்பது அவர் கண்ணில் படவேயில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கு வந்த ஆம்பிளை மட்டும்தான்.

"கேக்கத் தோணல்ல மகள்," என்றார்.

நதீரா கூட்டிய தும்புத்தடியை வைத்துவிட்டு அழுதாள். ஷரிபுதீன் நாளைக்கே மட்டக்களப்புக்குப் போய்க் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். காலிதீன் வேண்டாமென்று கையசைத்தார். பள்ளிவாசலுக்குக் கொடுத்தாலென்ன, சேச்சுக்குக் கொடுத்தாலென்ன, கொடுத்ததைக் கேட்டு வாங்குகிற குடும்பமா நாம் என்றார். குரல் மட்டும் பழைய மேடைக் குரல்போல இருந்தது.

அன்றிலிருந்து அந்த முன்னறைக்குள் போவதற்கு அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே செய்வதற்குத்தான் அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.