நான் போட்ட மேற்படிக் குறி

2011-ல், மழை பிடித்துக்கொண்ட சமயம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். ஆள் பட்டியல் முழுக்க என் எக்ஸெல் ஷீட்டில்தான். 'என் ஷீட்டில் தப்பா? சான்ஸே இல்லை' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த காலம் அது.

புது சாஃப்ட்வேர் வந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், ஊர், டோக்கன் நம்பர், அவசரத்துக்குக் கூப்பிட வீட்டு போன் நம்பர் எல்லாம் அதில் ஏற வேண்டும். மெஷினில் யாருக்காவது கை மாட்டினால் முதலில் தேடுவது அந்த நம்பரைத்தான். நான் ரூம் வாரியாக எழுதி வைத்திருந்தேன். தெற்கிலிருந்து வந்தவர்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒரே ரூமில் இருப்பார்கள். ஊரில் ஒரே வீட்டு நம்பரைத்தான் கொடுப்பார்கள். முதல் ஆளுக்கு நம்பர், மற்றவர்களுக்கு 'மேலே உள்ளதேதான்' என்று இரண்டு சின்னக் கோடு, அதாவது மேற்படிக் குறி. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு!

பட்டியலை ஏற்றித்தர மறைமலை நகரிலிருந்து ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து பத்து நாள் தட்ட வேண்டிய வேலை என்று நான் நினைத்திருந்தேன். அவர் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதினார். ஒரே கட்டத்தில் நான் திணித்திருந்த பெயரையும் ஊரையும் அது பிரிக்கும்; மேற்படி இருந்தால் மேலே உள்ள நம்பரை எடுத்துப் போடும். நான் டீயை வாயில் வைப்பதற்குள் தொள்ளாயிரம் பேரும் திரையில் வரிசையாக நின்றார்கள். அடேயப்பா! வாயைப் பிளந்துவிட்டேன்.

அவர் முகம் மட்டும் மலரவில்லை. "சார், இவரு தூத்துக்குடி. மேல இருக்கறவரு காஞ்சிபுரம். ரெண்டு பேருக்கும் எப்டி சார் ஒரே நம்பர்?"

"அதெல்லாம் கரெக்டாதான் இருக்கும் மேடம். ஏத்திடுங்க" என்றேன் கடுப்பாக. அவர் போனை என் பக்கம் நகர்த்தினார். திரையில் இருந்த நம்பரை அடித்து, அந்தத் தூத்துக்குடிக்காரர் பெயரைச் சொல்லி, அவர் வீடா என்று கேட்டேன்.

"யாருபா நீ? அந்த பேர்ல எங்க வூட்ல யாரும் இல்லியே. இன்னா நம்பர் போட்ட?" என்று ஒரு அம்மா எரிந்து விழுந்தார்.

ஷீட் அழகாக இருக்கட்டுமே என்று முந்தின நாள் டோக்கன் நம்பர்படி வரிசையை மாற்றியது நான்தான். ஆட்கள் இடம் மாறியதும் அவர்களுடைய மேற்படிக் குறிகள் யார் யார் நம்பரையோ பிடித்துக்கொண்டன. எத்தனை பேருக்கு என்றே தெரியவில்லை. பழைய காப்பியும் இல்லை. அழாத குறைதான்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ரூம் வாரியாக எழுதும்போது ஓரத்தில் போட்டு, நான் மறந்தே போயிருந்த வரிசை எண்களைக் காட்டினார். எல்லோரையும் முதலில் அந்தப் பழைய வரிசைக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் நம்பரை நிரப்பும்படி ஸ்கிரிப்டை மாற்றினார். கண் சிமிட்டும் நேரம். "இப்ப அந்தத் தூத்துக்குடிக்காரர் வீட்டுக்குப் போன் போடுங்க சார்."

கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், மறுமுனையில் ஒரு தாயின் குரல் உடைந்தது. "ஐயா, எம் புள்ளைக்கு என்னாச்சுய்யா? உசுரோட இருக்கானாய்யா?"

"நல்லா இருக்காரும்மா. நம்பர் சரியான்னு பாக்கத்தான் கூப்ட்டேன்" என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அந்த அம்மா அழுதுகொண்டே என்னை வாழ்த்தினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பெண்ணின் வேலையை நினைத்தால் இன்றும் பிரமிப்புதான். ஆனால் நான் சோம்பல்பட்டு இரண்டு கோடு கிழித்துவிட்டு நகர்ந்த அந்தக் குட்டிக் கட்டத்துக்குள், போன் அடிக்கும்போதெல்லாம் மகனை நினைத்துப் பதறும் ஒரு தாய் இருந்திருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பே சிலிர்க்கிறது.