ஆறிய பிறகு பிடித்த பிரேக்

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலால் பிரேக் பெடலை இரண்டு முறை அழுத்திப் பார்த்த பிறகுதான் அவர் சாவியைத் திருப்புவார். ஒரே வீட்டில், ஒரே காருக்கு முப்பது வருஷம் டிரைவர். எனக்கு அவர் டிரைவர் அண்ணன். "ஷூ போட்டா கால் கோவிச்சுக்குமாண்ணே?" என்று சாரம் பகுதியில் இருக்கும் என் பட்டறையில் அவரைக் கிண்டல் செய்வோம். "வண்டிக்கு என்னா கஷ்டம்னு காலுக்குத்தான்டா மொதல்ல தெரியும்" என்பார். ஐடிஐ படித்த மெக்கானிக் என்ற திமிர் எனக்கு அப்போது உண்டு. சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பேன்.

காருக்குச் சொந்தக்காரரை எல்லாரும் முசியே என்போம், பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அந்த நாட்டிலேயே குடியேறிவிட்டவர். குளிர்காலத்துக்கு மட்டும் ஊருக்கு வருவார். அவருடைய அப்பா வாங்கிய பழைய பிரெஞ்சு கார் அது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அழுத்தினால் ஒரு பக்கமாக இழுக்கும். மகள் கல்யாணத்தன்று அந்தக் காரில்தான் பெண்ணை மாதா கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டச் சொல்லி, வேண்டிய சாமான்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பானெட்ட தொறந்தா எல்லாம் எங்கப்பா வச்சிருந்த மாதிரியே இருக்கணும்." அப்படியென்றால், பிரேக் எண்ணெயைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை மாற்றக்கூடாது.

அது கூடாத காரியம் என்று எனக்குத் தெரியும். டிரம் பிரேக்கில் பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும். அதற்காக அந்தச் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் ஆகாது. பிரேக் பேட் டிஸ்க் தகட்டை விடாமல் உரசும், சூடேறும், எண்ணெய் கொதித்து ஆவியாகும், பெடல் தரைக்குப் போய்விடும். வால்வையாவது எடுத்திருக்க வேண்டும். ஆனால் சிலிண்டரைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பழுதாகும். அந்த ரப்பர் இங்கே கிடைக்காது. கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. முசியே கையைக் குலுக்கி "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். நான் சிலிண்டரைத் தொடாமல் வேலையை முடித்தேன். மறுக்க எனக்கு வாய் இருந்தது, மனசுதான் இல்லை.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த டிரைவர் அண்ணன் முகம் சரியில்லை. "தம்பி, வண்டி தானா உருள மாட்டேங்குது. யாரோ பின்னால புடிச்சி இழுக்கற மாதிரி இருக்கு" என்றார். அவர் கால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்போதே சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் அது சுற்றாமல் நின்றிருக்கும். நான் தூக்கவில்லை. "புது பேட்ணே, ஓட ஓட சரியாயிடும்" என்றேன். முசியே அவர் தோளில் தட்டி, "இத்தினி வருஷம் டிரம்முலயே ஓட்டிட்ட, டிஸ்க் எப்பிடி இருக்கும்னு ஒனக்கு எங்க தெரியும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கல்யாண ஊர்வலம் நல்லபடியாகத்தான் முடிந்தது. மதியம் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவரைக் கோரிமேட்டில் இறக்கிவிட்டு அண்ணன் தனியாகத் திரும்பினார். இறக்கத்தில் பெடல் தரைக்குப் போய்விட்டது. எதிரே பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம். கைபிரேக்கை இழுத்து, வண்டியை ஒடித்து, ஓரத்து மதிலில் கொண்டுபோய் மோதினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருடைய வலது முழங்காலைத் தவிர.

சாயங்காலம் வண்டி என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. போலீஸ்காரர் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். கல் மாதிரி நின்றது. எண்ணெய் ஆறினால் ஆவி அடங்கிவிடும், பெடல் பழையபடி நிற்கும். பிரேக் கெட்டதற்குச் சாட்சியே இருக்காது. "பிரேக் பிடிக்குதேப்பா?" என்றார். "பிடிக்குது சார்" என்றேன். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. "வயசாயிடுச்சி. பிரேக்குன்னு நெனச்சி ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டான்" என்றார் பக்கத்தில் நின்ற முசியே. எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் போன பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் தகடு சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. அடுத்த வாரமே பழைய சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க்குக்கு ஏற்றதை மாட்டினேன். முசியே பானெட்டைத் திறந்து பார்த்தார், திருப்தியாக மூடினார். அப்பா காலத்துச் சிலிண்டர் போனதே அவருக்குத் தெரியவில்லை.

இப்போது பழைய கார் வாங்கும் பையன்கள் டிஸ்க் மாட்டச் சொல்லி என்னைத்தான் தேடி வருகிறார்கள். சிலிண்டரை மாற்றச் சம்மதித்தால்தான் வண்டியைத் தொடுவேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி, தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பதில்லை. ரொம்பப் பொறுப்பான ஆள் என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

டிரைவர் அண்ணனை அதன் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சாவதற்குச் சில மாதம் முன்பு நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெடல் கீழ போச்சின்னுதான் மொதல்ல நெனச்சேன் தம்பி. யோசிச்சி பாத்தா, நாந்தான் காலை மாத்தி வச்சிட்டேன் போல. எல்லாரும் சொல்றது சரிதான். நீ பாத்துப் பாத்து செஞ்ச வேலைக்கு என்னால கெட்ட பேரு. மன்னிச்சிடுப்பா."

"பரவால்லண்ணே" என்றேன் நான்.