ஓவனில் மாவு இருக்கிறது

என் வீட்டுக்காரர் கோபாலசாமிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கத்தித் தொலைத்தாலாவது தேவலை என்று முப்பத்து நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பொள்ளாச்சியில் கூடப்பிறந்த அண்ணனோடு ஒரு போர்வெல் தகராறில் பேச்சை நிறுத்தியவர், பதினோரு வருஷம் கழித்து விமானம் ஏறிப் போனது அந்த அண்ணனின் காரியத்துக்குத்தான். திரும்பி வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, இனிமேலாவது புத்தி வரும் என்று நினைத்தேன். எங்கே வந்தது?

அடுத்து மாட்டியது எங்கள் ஒரே மகள் கயல். பார்மசி படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு, டெக்சாஸில் ஆஸ்டினுக்குப் போய் ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டாள். "ரொட்டி சுடறதுக்கா இத்தனை படிச்சே?" என்று போனில் ஒரு கேள்வி கேட்டார். அவளிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். ஆயிற்று, இரண்டு வருஷம்.

மற்றபடி மனுஷர் தங்கம். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற மறு வாரமே ஐசலின் ஊரில் எங்கள் வீட்டுக் கிரைண்டரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் இட்லிக்கு அரைப்பார். ஏ.சி. ஓடுகிற வீட்டில் மாவு பொங்காது என்று எவர்சில்வர் அண்டாவை ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கை மட்டும் போட்டுவிடுவார். மற்ற நாளெல்லாம் வாணலியும் தோசைக்கல்லும் குடியிருப்பது அதற்குள்தான். நான் தெரியாமல் மூட்டிவிடக் கூடாதென்று, 'மாவு இருக்கிறது' என்று மஞ்சள் சீட்டு எழுதி ஓவன் மேல் ஒட்டுவார். மறுநாள் ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். "புளிச்சுப் போச்சுன்னு ஒருத்தர் சொல்லட்டும் பாக்கலாம்" என்பார். மாவு விஷயத்தில் இவ்வளவு வாய். பெற்ற மகளிடம் பேச மட்டும் வாயில்லை.

ஜூலையில் கயல் கூப்பிட்டாள். "அம்மா, ஆகஸ்ட் ஒண்ணு லாமாஸ். நம்ம வீட்டுல செலிப்ரேட் பண்ணணும்."

"அது யாரு?"

"யாரும் இல்லம்மா, பண்டிகை. ஐரோப்பால அந்தக் காலத்துப் பேகன் பண்டிகை. முதல் அறுவடை. புதுக் கோதுமைல ஒரு ரொட்டி சுட்டு, வீட்டுல எல்லாரும் அதையே பிச்சுச் சாப்பிடணும்."

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆடி மாசத்தில் அறுவடை என்கிறாள் என் மகள். "அதை அங்கேயே உன் ஃப்ரெண்ட்ஸோட கொண்டாடறதுதானே?" என்றேன்.

"ரெண்டு வருஷமா அப்படித்தான் பண்ணேன். வீட்டோட சாப்பிடற பண்டிகைம்மா. அப்பாவும் சாப்பிடணும்."

பெண் வீட்டுக்கு வருகிறாள். எந்தச் சாமிக்கு ரொட்டி சுட்டால் எனக்கென்ன?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பை மாவோடு வந்து இறங்கினாள். கோதுமைத் தாளில் முடைந்த ஒரு பொம்மையைக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இவர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "அது என்ன பொம்மைன்னு அவளைக் கேளு" என்றார்.

"அறுவடைப் பொம்மைன்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்றாள் அவள்.

அன்றைக்கு முழுக்க இதே பாடு. காப்பி வேணுமான்னு அப்பாவைக் கேளு. சக்கரை போடலாமான்னு அவளைக் கேளு. ஒரே சமையல்கட்டு, இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும், நடுவில் நான் ஒருத்தி வாங்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்பனும் மகளும் ஒரே அச்சு. சாயங்காலத்துக்குள் எனக்குத் தலை வலித்துவிட்டது.

ஆறு மணிக்கு மாவு அண்டாவை ஓவனுக்குள் வைத்தார். விளக்கைப் போட்டார். சீட்டு மட்டும் ஒட்டவில்லை.

"ஏனுங்க, காலைல அவ ரொட்டி சுடோணும். சீட்டு ஒட்டலீங்களா?"

"ஒட்டுனா அவளுக்குக் கடுதாசி எழுதுன மாதிரி ஆயிரும். நீ சொல்லிரு" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மஞ்சள் காகிதத்தில் இரண்டு வார்த்தைக்குக்கூட மானம் போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை அவள் விமானம் ஏறிவிடுவாள். அப்புறம் இன்னொரு பதினோரு வருஷமா? கயல் பக்கத்தில்தான் கோதுமை மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அண்டா எவர்சில்வர்தானா, மூடி பிளாஸ்டிக் இல்லையே என்பதை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கயல் ஓவனை நானூற்றைம்பது டிகிரிக்கு மூட்டினாள். வழக்கம்போல் கைப்பிடியில் தொங்கிய டவல் கண்ணாடியை மறைத்திருந்தது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஓவனுக்குள் ரொட்டியைத் தவிர வேறெதுவும் குடியிருக்காது. நான் காப்பியை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் மாவு பொங்கி வழிந்து தீய்கிற வாடை வீட்டைத் தூக்கியது. ஸ்மோக் அலாரம் அலறியது. வாக்கிங் முடித்துச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தார்.

"ஏம்புள்ள, தொறந்து பாக்க மாட்டியா? ஓவனை மூட்டறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாக்கோணும்னு எந்த பேக்கரிலயும் சொல்லித் தரலியா?"

கயல் கையுறையோடு அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் என் மகளாயிற்றே, சும்மா விடுவாளா? "மாவு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையேப்பா" என்றாள்.

"உங்கம்மாகிட்டச் சொன்னேனே."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மறந்துட்டேன்" என்றேன்.

அண்டாவை இரண்டு பேருமாக வெளியே எடுத்தார்கள். மேலே பழுப்பாகப் பொருக்கு, உள்ளே பாதி வேகாத மாவு. ஓவனை ஆறவைத்துச் சுரண்டித் துடைத்ததும் இரண்டு பேருமாகத்தான். பதினொரு மணிக்கு அவள் ரொட்டி உள்ளே போனது. இவர் ஓவனுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, எத்தனை டிகிரி, எத்தனை நேரம், எதனால் பொங்குகிறது என்று அவளைப் பிடுங்கி எடுத்தார். மேஜையில் வைத்து மூன்று பேரும் பிய்த்துச் சாப்பிட்டோம். "உப்பு சரியா இருக்குது அம்மிணி" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

அப்புறம்தான் என் மேல் பாய்ந்தார்கள்.

"போன வாரம் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துட்டா" என்று இவர் ஆரம்பித்தார்.

"அப்பா, திஸ் இஸ் சீரியஸ். டாக்டர்கிட்ட காட்டணும்."

"நான் சொன்னா கேக்க மாட்டா. நீ வந்து கூட்டிட்டுப் போ."

"அக்டோபர் ஒன்பதாம் தேதி வர்றேன். மெமரி டெஸ்ட் பண்ணிடலாம்."

எனக்கா மறதி? இவருடைய அண்ணன் காரியத்துக்குப் போன டிக்கெட் எந்த டிராயரில், எதற்கு அடியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். நாக்கு துடித்தது. ரொட்டியில் இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன்.

"அக்டோபர் ஒன்பது" என்று இவர் என் முன்னால் பேனாவை வைத்தார். "மறந்துருவே. காலண்டர்ல எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.