சொல்லாமல் விட்ட ஐந்து வாரம்

என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து ஏழு வருஷமாகிறது. கோயம்புத்தூரில் இரண்டு மாதம் ரேடியேஷன் கொடுத்தார்கள், ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் வடகரப்பதியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தோம். ஊரில் கேட்டவர்களிடம் சிறுநீரகக் கல் என்றேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அப்பனுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் பெண் கேட்டு யார் படியேறுவார்கள்? மகளிடமும் கல் என்றுதான் சொன்னேன். பொய் சொல்வதென்றால் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி ஃபைலை அடுப்பில் போட்டேன். கரண்ட் வைக்கும் இடம் தவறாமலிருக்க அவர் இடுப்பில் குத்திய மூன்று நீலப் புள்ளிகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் ஒவ்வொரு தடவையும் நல்லபடியாகவே வந்ததால், பிறகு அதற்குப் போவதையும் விட்டுவிட்டோம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். பக்கத்து ஊரிலிருந்த மாப்பிள்ளை காரோடு வந்து, நேராகப் பாலக்காட்டுக்கு ஓட்டினார். டியூப் போட்டதும் ரத்தம் கலந்து இறங்கியது. இதற்கு முன் ஏதாவது நோய் இருந்ததா என்று இளம் டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை என் பக்கத்திலேயே நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க. கல்லு மட்டும் இருந்துச்சுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

அதே ரத்தப் பரிசோதனையை இங்கேயும் எடுத்தார்கள், கோளாறில்லை. வயதானால் வருகிற வீக்கம்தான், மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். பழையது திரும்பவில்லை என்று சந்தோஷப்பட்டு சாமிக்கு விளக்குக்கூடப் போட்டேன். ஆனால் டியூபை எடுத்தால் அடைத்தது, போட்டால் ரத்தம் வந்தது. உட்கார முடியாமல் ஒருக்களித்தே படுத்துக் கிடந்தார்.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கே போயிரலாமுங்களா?"

"அங்க போனா மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போயிரும். புள்ள மாசமா இருக்கறா. கொஞ்ச நாள் போகட்டும்."

சரி என்று விட்டேன். எனக்கும் அதே பயம்தான். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஐந்தாவது வாரம் ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். தாளைப் படித்தவர், எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் சட்டையை விலக்கினார். நீலப் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"ரேடியேஷன் எடுத்திட்டுண்டோ?" கரண்ட் வைத்ததுண்டா என்று மலையாளத்தில் கேட்டார்.

மாப்பிள்ளையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. இது பழைய புற்றுநோய் அல்ல, சார்கோமா என்கிற வேறொரு புற்றுநோய் என்றார். அந்த ரத்தப் பரிசோதனையில் இது தெரியாதாம். கரண்ட் வைத்த இடத்தில் பல வருஷம் கழித்து, மிக அபூர்வமாக யாரோ ஒருவருக்கு வருமாம். அன்று கரண்ட் வைத்தது தப்பில்லை, அதனால்தான் பிழைத்தார் என்றும் சொன்னார். ஆனால் இது வேகமாக வளரும், முன்பே சொல்லியிருந்தால் முதல் நாளே இதைத் தேடியிருப்போம் என்றார். நுரையீரலுக்குப் பரவியிருக்காவிட்டால் மூத்திரப்பையோடு சேர்த்து ஆபரேஷன் செய்து எடுக்கலாம். பரவியிருக்கிறதா என்று பார்க்க மறுநாள் நெஞ்சு ஸ்கேன்.

வெளியே வந்து தலைகுனிந்து நின்றேன். ஏமாற்றிப் பெண் கொடுத்தீர்களே என்று மாப்பிள்ளை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அஞ்சு வாரம் போயிருச்சுங்களே, அத்தை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் ஸ்கேன் அறைக்குள் என் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டாள். பெயரைச் சொல்வதற்கு முன்பே, கேன்சருக்குக் கரண்ட் வைத்ததைச் சொன்னேன், அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி.