மத்திகிரியிலிருந்து ஒரு கொரிய அடுப்புக்கு

ஞாயிறு காலை பதினொன்றே கால். மத்திகிரியில் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். ஓசூர் பேருந்து நிலையம் ஐந்து கிலோமீட்டர்தான், எனக்கோ ஐம்பதாகத் தெரிந்தது. புதன்கிழமை நான் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு மாறிப் போகிறேன். நான்கு வருடமாக என்னோடு ஒரே வாடகை வீட்டில் இருந்து, இங்குள்ள ஆலையில் ஒரே லைனில் வேலை செய்கிற ஸ்டெல்லாவிடமும் மஞ்சுளாவிடமும் இன்னும் சொல்லவில்லை. நான் போனால் இருவரும் திண்டாடிப் போவார்களே என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். சூப்பர்வைசரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சி வைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணி. பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். கர்நாடக எல்லையிலிருக்கும் ஜூஜுவாடிக்குச் சற்று முன்னால், கொரியச் சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கும்போது ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அங்க நீங்களே சுட்டுத் தின்னணுமாமே? அப்புறம் கடைக்காரன் எதுக்கும்மா?"

"வேடிக்கை பாக்கத்தாண்ணா," என்றாள் மஞ்சுளா. பாகலூர்க்காரி, எதற்கும் பதில் வைத்திருப்பாள்.

பன்னிரண்டரை. மேசை நடுவில் அடுப்பு, மேலே புகையை இழுக்க ஒரு குழாய். பன்றிக்கறியைப் பச்சையாகவே வைத்துவிட்டுப் போனார்கள். கூடவே இடுக்கி, கத்திரிக்கோல், கூடை நிறைய இலை, மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். சுட்ட கறியை இலையில் மடித்து ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

யாரும் சொல்லாமலே லைனில் இருக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா துண்டை எடுத்து வைத்தாள். நான் புரட்டினேன். மஞ்சுளா வெட்டித் தட்டில் தள்ளினாள். மூன்று தட்டும் நிறைந்தன, ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. கடைக்காரக் கொரிய அம்மா ஓடி வந்து, "ஊட்டா மாடி!" என்று கன்னடத்தில் சாப்பிடச் சொல்லி அதட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தோம்.

ஒன்று பத்து. இதற்குமேல் அடக்க முடியவில்லை.

"புதன்கிழமையிலேர்ந்து நான் ஸ்ரீபெரும்புதூர்டி."

ஸ்டெல்லா கறித்துண்டைக் கையில் பிடித்தபடி பார்த்தாள். "எப்ப முடிவாச்சு?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா! தினமும் கூடவே தின்னுக்கிட்டு, கூடவே படுத்துக்கிட்டு... போடி, மூஞ்சியக் கழுவிக்கிட்டு வா. அழுவுற."

அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இடுக்கியைப் போட்டுவிட்டுக் கழுவும் இடத்துக்கு ஓடினேன். அடுப்பில் ஏழு துண்டுகள் கிடந்தன. கருகிவிடுமே என்ற பதைப்பில் முகத்தைத் துடைக்காமலே திரும்பி வந்தேன்.

ஒன்றுகூடக் கருகவில்லை. ஸ்டெல்லா என் இடத்துக்கு நகர்ந்து, ஒரு கையால் வைத்து மறு கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சுளா வழக்கம்போல வெட்டினாள். ஸ்டெல்லா விட்டுப்போன ஓரத்து நாற்காலியைக் காட்டி, "இங்க உக்காந்து சாப்புடுடி," என்றாள் மஞ்சுளா.

உட்கார்ந்தேன். கைக்கு வேலை இல்லை. இருவரும் மாறி மாறி இலையில் மடித்து என் வாயில் திணித்தார்கள். திண்டாடப் போவது அவர்கள் இல்லை என்று அப்போது புரிந்தது.

மூன்று மணிக்கு அதே டவுன் பஸ். மத்திகிரி சட்டென்று வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம்.