மிலா அக்காவின் பகடை

காப்பி குடித்த கோப்பையை மிலா அக்கா உடனே கழுவப் போடுவதில்லை. துணியால் துடைத்து, அதற்குள் ஒரு பகடையைப் போட்டு, உள்ளங்கையால் மூடி, காதருகே வைத்து நாலு குலுக்குக் குலுக்கி, மேசைமேல் கவிழ்க்கிறாள். ஒன்று, இரண்டு விழுந்தால் ஆற்றங்கரை வழி. மூன்று, நான்கு என்றால் மாதா கோயில் வழி. ஐந்தும் ஆறும், பையன்கள் பந்தை அடித்து விளையாடுகிற பந்தாட்டச் சுவர் வழி. எங்கள் பாஸ்க் மலையடிவார ஊரில் அவள் வீட்டிலிருந்து அவளுடைய மீன்கடைக்குப் போக இந்த மூன்று வழிதான். நாலாவது வேண்டுமென்றால் பறக்க வேண்டும்.

"ரெண்டா? ஆத்தங்கரையில கணுக்கால் வரைக்கும் சேறு கிடக்கு, சனியனே!" என்று பகடையைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே பூட்ஸை மாட்டுவாள்.

அறுபத்தெட்டு வயதில் இதென்ன விளையாட்டு என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்க மாட்டோம். தனி பாஸ்க் நாடு கேட்டு இயக்கத்துக்காரர்கள் துப்பாக்கி தூக்கியிருந்த காலத்தில் அக்கா நகர்மன்ற உறுப்பினர், அவர்களுக்கு ஆகாத கட்சியில். மன்றத்தில் கூட இருந்த ஃபெர்மின் தினமும் காலை எட்டு மணிக்கு அதே முக்கில் செய்தித்தாள் வாங்குகிற மனுஷன். ஒருநாள் எட்டு மணிக்கு, அதே முக்கில், பின்னாலிருந்து சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பந்தாட்டச் சுவரில் அக்காவின் பெயரை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு கூட்டல் குறியும் போட்டிருந்தார்கள், துப்பாக்கி குறிபார்க்கிற மாதிரி.

அரசாங்கம் ஒரு மெய்க்காவலரை அனுப்பியது. பெயர் எலாதியோ. தெற்கத்திக்காரர், எங்கள் ஊர் மழையைக் கண்டு மிரண்டவர். வந்த அன்றே மூன்று சட்டம் சொன்னார். ஒரே வழியில் தொடர்ந்து போகக் கூடாது. ஒரே நேரத்தில் கிளம்பக் கூடாது. எங்கே உட்கார்ந்தாலும் வாசலுக்கு முதுகைக் காட்டக் கூடாது.

"அதுக்கென்ன, யோசிச்சு மாத்தி மாத்திப் போறேன்," என்றாள் அக்கா.

"நீங்க யோசிக்கிறத அவங்களும் யோசிப்பாங்கம்மா." எலாதியோ சட்டைப்பையிலிருந்து மகளின் விளையாட்டுப் பகடை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இது யோசிக்காது."

துப்பாக்கிகள் ஓய்ந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. எலாதியோ எங்கள் ஊரிலேயே தங்கி, இப்போது பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார். மழையைப் பற்றி இன்னும் புகார்தான். அக்காவோ மூன்று சட்டத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. அண்ணன் மகன் கல்யாணத்தில் வாசலைப் பார்த்த நாற்காலி வேண்டுமென்று ஒரு மேசை ஆட்களையே எழுப்பி இடம் மாற்றினாள். மதுக்கடையில் அவளுடைய மூலை நாற்காலியில் வேறு யாராவது இருந்தால், நின்றபடியே குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

கடையில் பார்க்க வேண்டும் அவளை. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் சூரை மீன், வாயில் யாருக்காவது வசவு. அந்த வருடங்களில் இயக்கத்துக்குப் பயந்து, தாங்கள் அவள் கடைக்குள் நுழைவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பின்வாசல் வழியாக வந்து மீன் வாங்கியவர்கள் பலர். இப்போது அவர்கள் முன்வாசலில் வந்தால் சும்மா விடுவாளா?

"ஏய் தெரே, வழி தவறி வந்துட்டியா? உன் வாசல் பின்னாலல்லவா இருக்கு!"

கடையே சிரிக்கும். தெரே முகம் சிவந்து நிற்பாள். அக்கா ஒரு கைப்பிடி நெத்திலியைக் கூடுதலாக அள்ளிப் போட்டுப் பொட்டலத்தை நீட்டுவாள்.

எல்லாரையும் இப்படிச் சீண்டிச் சீண்டியே மன்னித்துவிட்டாள். கார்மெலேயை மட்டும் சீண்டியதில்லை, பேசவே இல்லையே!

கார்மெலே பள்ளிக்கூடத்தில் அக்காவோடு ஒரே பெஞ்சுக்காரி. பந்தாட்டச் சுவருக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். முன்பெல்லாம் சனிக்கிழமைதோறும் அக்காவின் தலையைக் கழுவி, வெட்டி, ஊர்க்கதை பேசி அனுப்புவாள். சுவரில் பெயர் ஏறிய வாரம், அக்கா வருவதைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீதியையும் இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அக்கா தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள். நெற்றி முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருக்கும். மீன் வெட்டுகிற கத்தரிதான் என்று ஊரில் பேச்சு. பகடையில் ஐந்தோ ஆறோ விழுகிற நாளில் அவள் நேராகப் பார்த்தபடி அந்தக் கடையைக் கடப்பாள். கார்மெலே கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இந்தத் திங்கட்கிழமை அந்தக் கடையில் ஒரு அட்டை தொங்கியது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிறகு சரகோசா நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுகிறாளாம்.

திங்கள் ஒன்று விழுந்தது. செவ்வாய் நான்கு. புதன் இரண்டு. வியாழன் மூன்று.

"அஞ்சோ ஆறோ விழ மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" என்று எலாதியோவிடம் மூக்கைச் சிந்தினாள்.

"அது பகடைம்மா, பாதிரியார் இல்ல. போறதுன்னா போங்க. பயமா, வீம்பா?"

"ரெண்டும்தான். நானா ஒரு வழிய முடிவு பண்ணா இப்பவும் காலு வெடவெடன்னு ஆடுது. ஃபெர்மின் ஞாபகம் வந்துருது." மூக்கைத் துடைத்தாள். "அவளுக்கும் பயந்தான், தெரியாதா எனக்கு? ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணாடிக்குள்ளேர்ந்து கைய ஆட்டியிருக்கலாம்ல?"

எலாதியோ வானத்தைப் பார்த்தார். மழை வரும்போலிருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கோப்பையைக் கவிழ்த்தாள். நான்கு. மாதா கோயில் வழி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒற்றை விரலால் பகடையை ஒரு புரட்டுப் புரட்டினாள். ஐந்து.

பந்தாட்டச் சுவர் வழியில் இறங்கினாள். வீட்டுச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கார்மெலே சீப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முதலில் பார்த்தது அந்த நெற்றி முடியைத்தான்.

"அடிப்பாவி, யாருடி வெட்டுனது இத?"

"நான்தான்."

"எதுல?"

"மீன் கத்தரியில."

கார்மெலேக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்திலேயே கண் நிறைந்துவிட்டது. துண்டில் முகத்தைத் துடைத்து, வேறொரு துண்டை உதறி அக்காவின் தோளில் போட்டாள்.

"மிலா, அன்னிக்கு அந்த ஷட்டர..."

"தண்ணி சூடா இருக்கான்னு பாருடி முதல்ல."

தலை கழுவும் நாற்காலி ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது தெருவாசலுக்கு முதுகைக் காட்டியபடி போட்டிருந்தது. அக்கா வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைத் தொட்டி விளிம்பில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.